காசில்லாமல் தண்ணீரில் ஆட எங்கே போகலாம்? மெரினாவில் கணுக்காலுக்கு மேல் இறங்கினால் ஆபத்து!

சென்னை, மே 9-

பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாகி விட்டது. அக்கினி நட்சத்திரமும் பிறந்து விட்டது. காலை 9 மணிக்கே தார் ரோடு கொதிக்கிறது. "அப்பா, தண்ணியில விளையாட எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா" என்ற நச்சரிப்பு இல்லாத வீடே இப்போது சென்னையில் கிடையாது.

அப்பாவின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

நகரைச் சுற்றி நீர் விளையாட்டுப் பூங்காக்கள் இருக்கத்தான் செய்கின்றன. செயற்கை அலை, சறுக்கு மரம், தலைக்கு மேலிருந்து குபீரென்று கொட்டும் ராட்சத வாளி என்று எல்லாம் உண்டு. ஆனால் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் போனால் டிக்கெட்டுக்கே ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். அப்புறம் நைலான் உடைக்கு வாடகை. சாமான் வைக்கும் பெட்டிக்கு வாடகை. உள்ளே போனால் சாப்பாடு. ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவருக்கும், தபால் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் அது பாதி மாத மளிகைச் செலவு.

மாநகராட்சி நீச்சல் குளங்களில் கட்டணம் குறைவுதான். ஆனால் அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. இடுப்பு உயரம்கூட இல்லாத பொடியனை அங்கே எப்படி இறக்குவது?

ஆக, காசில்லாமல் தண்ணீர் கிடைக்கும் இடம் என்று பார்த்தால் சென்னைக்காரனுக்கு மிஞ்சுவது கடல்தான். அந்தக் கடல்தான் வருஷா வருஷம் காவு வாங்குகிறது.

பஸ் செலவும் மிச்சம்

நல்ல சேதியை முதலில் சொல்லி விடலாம். சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு 2021-ம் ஆண்டு முதல் டிக்கெட் கிடையாது. அரசு பஸ்களில் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 2022-ம் ஆண்டு முதல் டிக்கெட் வாங்க வேண்டாம். ஆகவே அம்மா கைக்குழந்தையோடு கடற்கரைக்குப் போய் வர பஸ் செலவு பூஜ்யம். அப்பா டிக்கெட் மட்டும் எடுத்தால் போதும். கட்டுச் சோறும், இரண்டு பாட்டில் தண்ணீரும், மாற்றுத் துணியும் எடுத்துக் கொண்டால் அன்றைய உல்லாசப் பயணம் முடிந்தது.

பறக்கும் ரெயிலில் போகிறவர்கள் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று மூன்று ஸ்டேஷன்களில் எதில் இறங்கினாலும் மெரினாவுக்கு நடந்தே போய் விடலாம். பெசன்ட் நகர் போகிறவர்களுக்கு பஸ் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கடல் காற்றே வழி காட்டும்.

மதியத்தில் போகவே கூடாது. 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. மெரினா மணலில் நிழல் என்று ஒன்று கிடையாது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப் போன லட்சக்கணக்கான கூட்டத்தில் 5 பேர் இறந்து போனது ஞாபகம் இருக்கும். அது அக்டோபர் வெயில். இது மே! காலையில் 8 மணிக்குள் திரும்பி விட வேண்டும். இல்லாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல்தான். கோடையில் சென்னைக்குக் கடல் காற்று பகல் பொழுதில்தான் கிளம்பி வரும். அது வந்த பிறகு கரையில் உட்கார்ந்தால் தண்ணீரில் இறங்காமலே உடம்பு குளிர்ந்து விடும்.

வயதானவர்களையும், நடக்க முடியாதவர்களையும் வீட்டிலேயே விட்டு விட்டுப் போக வேண்டியதில்லை. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சக்கர நாற்காலியில் அலை அருகே போக மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022-ம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே புயலில் சேதமாகி, பிறகு சரி செய்யப்பட்டது.

அழகான கடல், பொல்லாத கடல்

மெரினாவில் குளிக்க போலீஸ் தடை இருக்கிறது. போர்டும் இருக்கிறது. குதிரைப்படை போலீசார் கரையோரம் போய்க் கொண்டும் இருக்கிறார்கள். விசில் ஊதினால் கூட்டம் ஏழு அடி பின்னால் வரும். குதிரை அந்தப் பக்கம் போனதும் பத்து அடி உள்ளே போகும். போலீசார் விளையாட்டைக் கெடுக்க வந்தவர்கள் என்பதே பலருடைய நினைப்பு.

தடை ஏன் என்று தெரிந்தால் அந்த நினைப்பு மாறி விடும்.

மெரினாவில் கரை சட்டென்று சரிகிறது. நாலு எட்டு வைத்தால் முழங்கால், இன்னும் இரண்டு எட்டில் இடுப்பு. அலை தூரத்திலேயே உடைந்து தணிந்து வருவதில்லை. கரை மேலேயே வந்து அறைகிறது. அறைந்த தண்ணீர் திரும்பிப் போகும்போது காலுக்கு அடியில் இருக்கும் மணலையும் அரித்துக் கொண்டு போகும். நிற்கிறவருக்கு யாரோ காலடியில் இருந்து பாயை உருவின மாதிரி இருக்கும். பெரியவர்கள் தடுமாறி நின்று விடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து விடும். உட்கார்ந்த பிள்ளையை அடுத்த அலை புரட்டும்.

இதை விடப் பொல்லாதது இழுப்பு நீரோட்டம். கரைக்கு வந்து குவியும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது எல்லா இடத்திலும் சமமாகத் திரும்புவதில்லை. ஓரிடத்தில் வாய்க்கால் மாதிரி வழி பண்ணிக் கொண்டு வேகமாக உள்ளே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை உடையாது. இரு பக்கமும் வெள்ளை நுரையாக அலை புரள, நடுவே மட்டும் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கறுத்து, சில சமயம் மணல் கலங்கித் தெரியும்.

"இங்கே அலையே இல்லை, இங்கேயே இறங்கலாம்" என்று குடும்பத்தோடு இறங்குகிற இடம் பெரும்பாலும் அதுதான்!

அதில் சிக்கியவர் கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போட்டால் செத்தார். நல்ல நீச்சல்காரனுக்கும் கை ஓய்ந்து விடும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்தால் அலையே கரைக்குத் தள்ளி விடும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ இல்லையோ, ஒவ்வொரு அப்பனும் தன் மகனுக்குச் சொல்லித் தர வேண்டும். பதினாறு, பதினேழு வயது பையன்கள்தான் கூட்டாளிகளோடு வந்து இதில் அதிகமாக மாட்டிக் கொள்கிறார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? சிறு குழந்தையாக இருந்தால் அலை வந்து தொட்டு விட்டுப் போகிற ஈர மணலோடு சரி. கணுக்கால் நனைந்தால் போதும். பெரியவர் ஒருவர் குழந்தைக்கும் கடலுக்கும் நடுவில், கடலைப் பார்த்து நிற்க வேண்டும். குழந்தையின் விரலைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். ஈர விரல் வழுக்கி விடும். முதுகைக் கடலுக்குக் காட்டி போட்டோவுக்கு நிற்பது கூடவே கூடாது. செல்போனில் கண் இருந்தால் பிள்ளை மேல் கண் இருக்காது.

கரையில் பள்ளம் தோண்டி, அலைத் தண்ணீர் அதில் வந்து நிரம்பினால் பிள்ளைகளுக்கு அதுவே குளம். அரை அடி ஆழம் போதும், மணிக் கணக்கில் ஆடுவார்கள். அப்போதும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சத்தமில்லாமல் வரும் சாவு

சினிமாவில் தண்ணீரில் மூழ்குகிறவர் "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் நேரம் மூச்சு வாங்கவே போதாது. கத்த எங்கே நேரம்? பக்கத்தில் பத்துப் பேர் நின்று கொண்டிருக்கும்போதே குழந்தை சத்தம் போடாமல் போய் விடும். 2021-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய நாலில் ஒன்று 5 வயது கூட நிரம்பாத குழந்தைகள்.

காப்பாற்றப் போகிறவர் சாவதும் இதில் வழக்கமாக நடக்கிற கொடுமை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வளைவோடு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறதே, அதன் முன்னால் நின்று படம் எடுக்காதவர் யார்? 1930-ம் ஆண்டு கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. அலைக்கு முன்னால் நிற்கிற எச்சரிக்கைப் பலகை அது என்று நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி மடிப்பாக்கம் அருகே மூவரசம்பட்டில் கோவில் குளத்தில் தீர்த்தவாரி நடந்தது. குளத்தில் இறங்கிய இளம் அர்ச்சகர்களில் ஒருவர் ஆழத்துக்குப் போக, அவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் மூழ்கினார்கள். 5 வாலிபர்கள் பலி. கடல் இல்லை, அலை இல்லை. பட்டப் பகலில், ஊரே கூடி நின்ற கரை ஓரம்.

ஆகவே யாராவது மூழ்கினால் குதிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். மிதக்கிற எதுவும் உதவும். மூடி போட்ட காலித் தண்ணீர் கேன் ஒன்று ஆளைத் தாங்கும். வேட்டி, புடவை, துப்பட்டா, கயிறு எது கிடைத்தாலும் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டு மறு முனையை வீசலாம். மெரினா பக்கத்தில் நொச்சிக்குப்பம், அயோத்திக்குப்பம் மீனவர்களைக் கூப்பிடுங்கள். அலையின் போக்கு தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வெளியே எடுத்த பிறகு நடக்கிற தவறு இன்னும் மோசம். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவது, வயிற்றில் ஏறி அமுக்குவது எல்லாம் கூடாது. வயிற்றுத் தண்ணீர் வாய் வழியாக ஏறி நுரையீரலுக்குள் போய் விடும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக் கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் காற்று ஊத வேண்டும். பிறகு நடு நெஞ்சை வேகமாக 30 தடவை அழுத்த வேண்டும், இரண்டு தடவை ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை விடக் கூடாது. 108-க்குப் போன் போடுவது இன்னொருவர் வேலை. கடலோரப் போலீசுக்கு 1093.

கள்ளக்கடல்

வெயில் காலத்தில் புயல் கிடையாது, கடல் சாது என்று நினைப்பவர்கள் உண்டு. 2024-ம் ஆண்டு மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் காலை நேரத்தில் கால் நனைக்க இறங்கிய 5 பயிற்சி டாக்டர்களை அலை இழுத்துக் கொண்டு போய் விட்டது. அன்று "கள்ளக்கடல்" எச்சரிக்கை இருந்தது. எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், தெற்கே நடுக்கடலில் வீசிய காற்று கிளப்பி விட்ட அலை, நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரை ஏறும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்திய கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். காலை ரேடியோவிலும் டி.வி.யிலும் "கடல் சீற்றம்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், அன்றைக்குப் பூங்காவுக்குப் போய் விடுவது உத்தமம்.

வடசென்னைக்கு என்ன வழி?

மெரினாவின் அகலமான மணல் பரப்பு இயற்கை அப்படியே தந்தது அல்ல. ஒரு காலத்தில் கடல் ரோட்டுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கே இருந்து வடக்கே போகும் மணல் அந்தச் சுவரில் தட்டி நின்று, தென் பக்கம் குவிந்தது. தென் பக்கம் குவிந்தால் வட பக்கம் குறைய வேண்டும் அல்லவா? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள்.

அதனால் தென்சென்னைப் பிள்ளைக்கு மணல். வடசென்னைப் பிள்ளைக்கு வீட்டு வாசலில் கடல் இருந்தும் வெறும் கல். பாசி பிடித்த அந்தக் கற்கள் மேல் குழந்தைகளை ஏற விடவே கூடாது. வழுக்கி இடுக்கில் விழுந்தால் எடுப்பது கஷ்டம். தண்டையார்பேட்டைக்காரரும் பஸ் ஏறி மெரினாவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

புறநகரில் இருப்பவர்களுக்கு வேறு கவலை. கைவிடப்பட்ட கல் குவாரிகளில் தண்ணீர் பச்சைப் பசேலென்று நிற்கும். பையன்களுக்கு அது காசில்லாத நீச்சல் குளம். ஆனால் குவாரிக்குக் கரை கிடையாது. ஒரு எட்டில் தரை, அடுத்த எட்டில் நாற்பது, ஐம்பது அடி ஆழம் கூட இருக்கலாம். பிடித்து ஏற ஒரு வேர் கூட இருக்காது. லீவு நாளில் மத்தியானம் பிள்ளை எங்கே போகிறான் என்று அம்மாக்கள் விசாரிப்பது நல்லது.

தேங்காத தண்ணீர்

உயிர் பயம் இல்லாமல் பிள்ளைகள் ஆட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பல வெளிநாட்டு நகரங்களில் பூங்காவுக்குள் ஒரு மேடை போட்டிருக்கிறார்கள். தரையில் இருந்தும், கம்பங்களில் இருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். தரை லேசாகச் சரிந்திருக்கும். விழுந்த தண்ணீர் உடனே வடிகாலில் போய் விடும். ஒரு அங்குலம் கூடத் தேங்காது. தேங்காத தண்ணீரில் யார் மூழ்குவது? ஒரு பொத்தானை அமுக்கினால் சில நிமிஷம் ஓடித் தானே நின்று விடும். கட்டணம் கிடையாது.

சிங்கப்பூரில் 'கார்டன்ஸ் பை த பே' தோட்டத்துக்குள் இருக்கும் குழந்தைகள் பூங்காவில் 2014-ம் ஆண்டு முதல் இப்படி இலவசமாக ஆடுகிறார்கள். அங்கே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் 1977-ல் திறந்த ஒரு கட்டண நீர் விளையாட்டுப் பூங்காவை மூடி விட்டு, அதே இடத்தில் 2021-ல் இலவசப் பூங்கா திறந்தார்கள். அதிலும் தண்ணீர் விளையாட்டு உண்டு.

அமெரிக்காவில் இது தெருவில் ஆரம்பித்த கதை. அதிலும் போலீஸ் கேஸ் இருக்கிறது!

நியூயார்க், சிகாகோ நகரங்களில் தெருவுக்குத் தெரு தீயணைப்புக் குழாய்கள் உண்டு. வெயில் தாங்காத ஏழைப் பேட்டைப் பிள்ளைகள் பெரிய திருகு சாவி கொண்டு வந்து அதைத் திறந்து விட்டு நடுத் தெருவில் குளிப்பார்கள். போலீஸ் வந்து மூடும். போலீஸ் போனதும் மறுபடியும் திறக்கும். 1966-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி சிகாகோவின் மேற்குப் பகுதியில் போலீசார் குழாய்களை மூடியபோது, நீக்ரோ மக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள் கொதித்து எழுந்தார்கள். நீச்சல் குளங்கள் அவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தன. குழாயையும் மூடினால் எங்கே போவது? கலவரம் மூண்டது. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. தேசியக் காவல் படையை வரவழைத்தார்கள். அப்போது சிகாகோவில் இருந்த மார்ட்டின் லூதர் கிங் தலையிட்டுப் பேசினார். அதன் பிறகு நகர மேயர் குழாய்களில் தூவல் மூடி மாட்டவும், அந்தப் பகுதிக்குச் சிறு நீச்சல் குளங்கள் தரவும் சம்மதித்தார்.

நியூயார்க்கில் பிற்பாடு அதையே சட்டமாக்கி விட்டார்கள். 18 வயது நிரம்பிய எவரும் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால், வீரர்களே வந்து குழாயில் தூவல் மூடியை இலவசமாக மாட்டி விடுவார்கள். மூடி இல்லாமல் திறந்தால் நிமிஷத்துக்கு சுமார் 3,800 லிட்டர் தண்ணீர் சீறும். மூடி மாட்டினால் 100 லிட்டர் கூடப் போகாது. திருட்டுத்தனமாகத் திறந்தால் அபராதம், ஜெயில். தெருக் குழாய் முழு வேகத்தில் சீறினால் தீ அணைக்க அழுத்தம் இருக்காது, சீறும் தண்ணீர் சின்னப் பிள்ளையைக் கார் போகிற பாதையில் தள்ளி விடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில்...

"குடிக்கவே தண்ணி இல்லை, இதிலே விளையாட்டு வேறயா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பதிலும் நியாயம் உண்டு. 2019-ம் ஆண்டு செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயில் வேகன்களில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒரு ரெயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த மேடைகளில் தண்ணீரை வீணாக விட வேண்டியதில்லை. வடிகாலில் போகிற தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் விழுந்து, வடிகட்டி, குளோரின் கலந்து மறுபடியும் மேலே வரும்படி செய்யலாம். அதில்தான் ஜாக்கிரதை வேண்டும். தண்ணீர் பொடிப் பொடியாகத் தெறிக்கும்போது குளோரின் சீக்கிரம் குறைந்து விடும். 2005-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் செனக்கா ஏரிப் பூங்காவில் இப்படிச் சுழற்சித் தண்ணீரில் ஆடிய ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றுப் போக்கு கண்டது. 2021-ல் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில், குளோரினைச் சரியாகக் கவனிக்காத ஒரு மேடையில் ஆடிய சிறுவன் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தான். மேடை கட்டுவது ஒரு நாள் திறப்பு விழாவோடு முடிகிற வேலை அல்ல. தினமும் காலையில் ஒருவர் குளோரின் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நம் பூங்காக்களில் நீரூற்று திறந்து வைத்த கல்வெட்டு இருக்கும், நீரூற்றில் தண்ணீர் இருக்காது என்று அலுத்துக் கொள்பவர்களுக்கு அந்த நோட்டின் அருமை புரியும்.

பேட்டைக்கு ஒன்று என்று வேண்டாம். மணல் இல்லாத வடசென்னைக் கரையோரம் முதலில் இரண்டு போடச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாமே? மனு கொடுக்கக் காசு இல்லை.

மொட்டை மாடியில் ஒரு குற்றாலம்

மனுவுக்குப் பதில் வருவதற்குள் லீவு முடிந்து விடும். அதற்குள் பிள்ளைகளைச் சமாளிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு.

பத்து அடி நீளத்துக்கு அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். ஒரு முனையை மூடி போட்டு அடைத்து விடுங்கள். சாண் இடைவெளியில் சின்னதாக ஓட்டை போடுங்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்தினாலே போதும், பெரிய ஓட்டை வேண்டாம். மறு முனையில் தோட்டத்துக்கு ஊற்றும் ரப்பர் குழாயை மாட்டி, மாடித் தொட்டிக் குழாயோடு சேருங்கள். இரண்டு கொடிக் கம்பத்துக்கு நடுவே குழாயைக் கட்டித் தொங்க விட்டால் சாரல். தொட்டி உயரத்துக்குக் கீழே கட்டினால்தான் தண்ணீர் வரும், மோட்டார் தேவை இல்லை. குழாயைப் பாதி திறந்தால் போதும். கால் மணி நேரம் பிள்ளைகள் கூத்தடித்தாலும் சில குடங்களில் முடிந்து விடும்.

மாலை 5 மணிக்கு மேல் போடுங்கள். பகலில் மாடித் தரை காலைச் சுடும். குழாயில் நின்ற தண்ணீரும் கொதித்துக் கிடக்கும், முதல் இரண்டு நிமிஷத் தண்ணீரை வாளியில் பிடித்து விட்டுப் பிறகு பிள்ளைகளை விடுங்கள். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி விட வேண்டும். கைப்பிடிச் சுவர் மார்பு உயரத்துக்கு இல்லாத மாடியில் இந்த வேலையே வேண்டாம், கீழே முற்றத்தில் வைத்துக் கொள்ளுங்கள். குடித்தனக்காரர்களாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி விடுவது நல்லது. அவர் வீட்டுப் பேரப் பிள்ளைகளையும் கூப்பிட்டு விட்டால் அப்புறம் தண்ணீர்க் கணக்கு கேட்க மாட்டார்.

ஆடி முடித்ததும் வாளி, டப் எல்லாவற்றையும் கவிழ்த்து விடுங்கள். தவழும் குழந்தை அரை வாளித் தண்ணீரில் தலை குப்புற விழுந்தால் தானாக எழுந்திருக்கத் தெரியாது. மாடியில் இருந்து வடியும் தண்ணீரை விட்டு விடாமல், மழைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு அடியில் ஒரு பெரிய குண்டான் வைத்தால் வாசல் தெளிக்கவும், முருங்கை மரத்துக்கு ஊற்றவும் ஆகும்.